தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மஞ்சள் விளக்கு

அத்தியாயம் 6

"இப்ப வரும் பாருங்கம்மா," என்றான் தனகோட்டி.

கமலா பின் சீட்டிலிருந்து முன்னால் எட்டிப் பார்த்தாள். நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி வேகத்தடையைத் தாண்டி, நுழைவு வளைவை விட்டு வெளியே வந்த ஜெர்மன் கார் மந்தாரக்குப்பம் சாலையில் மெல்ல வேகம் பிடித்தது. பிற்பகல் மூன்று மணி. ஆனாலும் அனல் மின் நிலையத்துப் புகை வெயிலின் மேல் ஓர் அழுக்குத் துணியைப் போர்த்தியிருந்தது. எதிரே சாலையோரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். காற்றே இல்லை. அதன் இலைகள் மட்டும் நேரம் தெரியாமல் அப்போதே மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தன.

மரத்தின் நிழல் காரின் மூக்கில் விழுந்த அதே நொடி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

சத்தம் இல்லை. குலுக்கல் இல்லை. கண் திறந்தது போல எரிந்தது, அவ்வளவுதான்.

தனகோட்டி காரை ஓரம் கட்டினான். அவன் கைகள் ஸ்டீயரிங்கை விடவே இல்லை. "பத்து நாளா இதே மாதிரிதாங்க. வேற எங்கயும் வராது. அந்தம்மா வுழுந்து கெடந்த எடத்துக்கு வந்தா எரியும். நான் கண்ண மூடிக்கினு ஓட்டினாக்கூட எனக்குத் தெரியுதுங்க, எரியுதுன்னு."

"கண்ணை மூடிட்டு மட்டும் ஓட்டிடாதீங்க அண்ணே. அப்புறம் இந்த மரத்தடியில எங்களுக்கும் சேர்த்து விளக்கு எரியும்," என்றாள் கமலா.

நான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் சண்டையையெல்லாம் காதில் வாங்கியவள் அவள். பயம் வந்தால் வாய் அதிகமாகும். அது அவளுக்கே தெரியும்.

முன் சீட்டில், இப்போது அவள் உதவியாளராக வேலை பார்க்கும் துப்பறியும் சண்முகசுந்தரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி. மடியில் போலீஸ் வரைபடத்தின் நகல். அறுபதை நெருங்கும் அவர் எந்த வழக்கை எடுத்தாலும் முதலில் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். இந்த வழக்குக்காக அவர் சொன்னதைக் கமலா கேட்டிருந்தாள்: "அப்பனே, அந்தப் பையன் செஞ்சிருந்தா எனக்கு முதல்ல காட்டிடு. செய்யலேன்னா சீக்கிரம் காட்டிடு."

நடந்தது இதுதான். இருபத்தாறு நாளைக்கு முன்னால், விடிந்தும் விடியாத வேளையில், சுரங்கத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்யும் சாமியம்மாள் இந்த மரத்தடியில் அடிபட்டுக் கிடந்தாள். விருந்தினர் விடுதியின் ஒப்பந்த டிரைவரான தனகோட்டி அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். "அடிபட்டுக் கிடந்தாங்க, தூக்கினேன்," என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. சாலையில் இரண்டு கறுப்பு டயர்க் கோடுகள் இருந்தன. காரின் முன்பக்கத்தில் கீறல்கூட இல்லையே என்றதற்கு, பக்கவாட்டில் உரசியிருக்கும் என்று பதில் வந்தது. கார் ஒரு ஜெர்மன் இன்ஜினியருடையது. அவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். போகும்போது, "தனகோட்டி தவிர யாரும் வண்டியைத் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அதோடு நின்றிருந்தால் சாதாரண விபத்து வழக்காகப் போயிருக்கும். போன வாரம் விடுதியின் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஜெயராமன் போலீசில் இன்னொரு வாக்குமூலம் கொடுத்தார். விபத்து நடந்த அன்று காலையிலேயே அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததாம். 'பிரேக் விளக்கு எரியுது, எடுக்காதே' என்று அவர் தடுத்தாராம். தனகோட்டி கேட்கவில்லையாம். தெரிந்தே பிரேக் இல்லாத வண்டியை எடுத்தான் என்றால் அது வேறு வழக்கு. திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை. இன்று சனி.

"தனகோட்டி, நீ எங்ககிட்ட மறைக்காம சொல்லணும்," என்றார் சண்முகசுந்தரம். "அன்னைக்கு இந்த விளக்கு எரிஞ்சுதா?"

"சத்தியமா இல்லீங்க. வண்டிய ஸ்டேஷன்ல ரெண்டு வாரம் வச்சிருந்தாங்க. வெளிய எடுத்தாந்த அன்னைக்குக்கூட எரியல. அதுக்கு மறுநாள்லேர்ந்துதான்." அவன் குரல் இறங்கியது. "ஜெயிலுக்குப் போறது பெருசில்லீங்க. நான் அவங்கள அடிக்கல. ஆனா அவங்களுக்கு எம்மேல ஏதோ கோவம் இருக்குது. இல்லேன்னா ஏன் எங்கூடவே வராங்க? அன்னைக்கு பின் சீட்டுலதான் படுக்க வச்சேன்…"

கமலா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்தாள். நகர்ந்த பிறகு எந்தப் பக்கம் தலை வைத்திருந்தார்கள் என்று கேட்காதது தப்பு என்று தோன்றியது. கேட்கவும் மனம் வரவில்லை.

சண்முகசுந்தரம் மட்டும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்ஜினை அணை. மறுபடி போடு."

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து அணைந்தன. மஞ்சளும் அணைந்தது.

"வளைவுக்குத் திரும்பிப் போ. அங்கேயிருந்து மாட்டு வண்டி மாதிரி வா. இருபதைத் தாண்டக்கூடாது."

தனகோட்டி காரை ஊரவிட்டுக் கொண்டுவந்தான். மரம் நெருங்கியது. நிழல் மூக்கில் விழுந்தது, கண்ணாடியில் ஏறியது, கூரை மேல் போயிற்று. மரம் பின்னால் போய்விட்டது.

விளக்கு எரியவில்லை.

"மெதுவாப் போனா தூங்கிடுமோ? மரத்தோட பேர் அப்படித்தானே சார்," என்றாள் கமலா. பிறகு, பாதிப் பயத்தில், "ஏன் சார், பேய்க்கு ஸ்பீடோமீட்டர் பாக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

சண்முகசுந்தரம் சட்டென்று திரும்பினார். அவர் கண்கள் சிரித்தன. "நல்லா கேட்டே. அதைத்தான் நானும் கேக்கப் போறேன். தனகோட்டி, வண்டியை வடலூர்ப் பக்கம் விடு. அந்தம்மா உயிரோட இருந்தப்ப போகாத ரோடா இருக்கட்டும்."

வடலூர்ச் சாலையில், மரமே இல்லாத பொட்டலில், முள் முப்பத்தைந்தைத் தொட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

தனகோட்டி 'ஐயோ' என்றான். கமலா கைதட்டியே விட்டாள். "அலாட்மென்ட் ஆர்டர் இல்லாம பேய் குவார்ட்டர்ஸ் மாறாது அண்ணே! இது வேற சங்கதி."

"டவுன்ஷிப்புக்குள்ள முழுக்க வேகத்தடை," என்றார் சண்முகசுந்தரம். "வளைவைத் தாண்டினாத்தான் வண்டி முப்பத்தைந்து போகும். அந்த வேகம் வர்ற இடத்துல அந்த மரம் நிக்குது. அவ்வளவுதான்."

தனகோட்டியின் முகம் தெளியவில்லை. "மரம் இல்லேன்னு சொல்லிட்டீங்க. அவங்க வண்டிக்குள்ளயே இருக்கறாங்கன்னுதான எனக்குத் தோணுது."

கமலா காரின் கையேட்டைக் கேட்டு வாங்கினாள்.

*

காரின் கையேடு முழுக்க ஜெர்மன் மொழியில் இருந்தது. டவுன்ஷிப்பில் அதைப் படிக்கக்கூடிய சிலரில் கோபாலகிருஷ்ணன் ஒருவர். பெரிய மண்வெட்டி இயந்திரத்தைப் பழகுவதற்காக இரண்டு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த இன்ஜினியர். தன் குவார்ட்டர்ஸ் வாசலில் பனியனோடு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தார்.

"அடேயப்பா! இது இருக்கற வண்டியை நான் ஊர்ல ஒரு தடவைதான் பாத்திருக்கேன்," என்றார். "கமலா, நீங்க மணல்ல சைக்கிள் விட்டிருக்கீங்களா?"

"விழுந்திருக்கேன் சார்."

"அதேதான். பிரேக்கை இறுக்கிப் பிடிச்சா சக்கரம் நின்னுடும், சைக்கிள் நிக்காது. வழுக்கிட்டுப் போகும். இந்தக் கார்ல நீங்க எவ்வளவு மிதிச்சாலும் உள்ளேயிருந்து ஒருத்தன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பான். ஒரு செகண்டுல பல தடவை. சக்கரம் சுத்திக்கிட்டே வண்டி நிக்கும். வழுக்காது."

"அந்த ஒருத்தன் யாரு சார்? பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

கோபாலகிருஷ்ணன் சிரித்தார். "எலெக்ட்ரானிக்ஸ்மா. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலயும் அவனுக்கு ஒரு காந்த மூக்கு இருக்கு. அதை வச்சுத்தான் சக்கரம் சுத்துதான்னு மோந்து பாப்பான். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் எல்லா மூக்கையும் சரி பாப்பான். ஒண்ணு அடைச்சிருந்தாலும், 'என்னால முடியாது, லீவு'ன்னு சொல்லிட்டுப் போயிடுவான். அந்த லீவு லெட்டர்தான் இந்த மஞ்சள் விளக்கு."

"அப்போ பிரேக்?" என்றார் சண்முகசுந்தரம்.

"பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர் வண்டி எல்லாம் எப்படி நிக்குதோ அப்படி நிக்கும். சிவப்பு விளக்கு வேற. அது எரிஞ்சாத்தான் வண்டியை நிறுத்திட்டு இறங்கணும்."

இந்த வித்தியாசம் அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. சுரங்கத்து ஆட்களுக்குப் பழகிய பாடம் ஒன்றே ஒன்று: இயந்திரத்தில் எந்த விளக்கு எரிந்தாலும் கையை எடு, நிறுத்து. அதனால் மஞ்சள் விளக்கு என்றதும் பிரேக் போய்விட்டது என்று சூப்பர்வைசர் சொன்னார், இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார், டிரைவரும் நம்பினான்.

சண்முகசுந்தரம் எழுந்தார். "தனகோட்டி, நாலு சக்கரத்துக்கும் பின்னால பாரு."

தனகோட்டி துண்டை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தான். மூன்று சக்கரங்களில் கரிப்பொடி தவிர ஒன்றும் இல்லை. நான்காவது, முன்னிடது சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அவன் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஆணி. அதைச் சுற்றிக் கறுப்புக் கயிறு, காய்ந்துபோன குங்குமம்.

"அந்த மூக்குலயே ஒட்டிக்கினு இருந்துச்சுங்க," என்றான். "யாரோ எனக்கு வச்சிட்டாங்க. செய்வினை."

ஒரு காந்தம், ஓர் ஆணி, அதனால் ஒரு விளக்கு. எல்லாம் கணக்காகப் பொருந்தியது. ஆனாலும் அந்தக் குங்குமத்தைத் தொடக் கமலாவுக்குக் கை வரவில்லை.

சண்முகசுந்தரம் தொட்டார். கயிற்றின் அறுந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சக்கரத்துக்குப் பின்னால இருக்கற கம்பியில கட்டியிருக்காங்க. கயிறு அறுந்து, காந்தம் இழுத்துடுச்சு. கெடுதல் நினைக்கறவன் இவ்வளவு பொறுமையா ஏழு முடிச்சு போட மாட்டான், தனகோட்டி. இது கருமாதி வீட்டுல கட்டற ஆணி." ஆணியைக் கைக்குட்டையில் சுருட்டினார். "கமலா, நீ இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மரத்தடிக்கு வரச் சொல்லு. ஜெயராமனையும் ஜீப்போட கூட்டிட்டு வரட்டும். நான் மந்தாரக்குப்பம் வரைக்கும் போயிட்டு வரேன்."

"நான் வேண்டாமா சார்?"

"ஒரு பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஒரு கேள்வி கேக்கணும். கூட்டமாப் போனா நல்லாயிருக்காது."

*

மறுநாள் ஒன்பது மணிக்கு மரத்தடியில் ஒரு சின்னக் கூட்டம். இன்ஸ்பெக்டர் ராயப்பன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். ஜெயராமன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், விடுதி ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றார். மரத்தின் அந்தப் பக்கம் தனகோட்டியின் மனைவி மாணிக்கம்மாளும், அவளோடு இன்னொரு இளம் பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண்ணைக் கமலா இதற்கு முன் பார்த்ததில்லை.

"சீக்கிரம் முடிங்க சார். ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசைக்குப் போகணும்," என்றார் ராயப்பன்.

"இதுவும் பூசைதான்னு வச்சுக்கோங்க," என்றார் சண்முகசுந்தரம். "தனகோட்டி, ஐம்பதுல வா. நான் கையைத் தூக்கினதும் ஒரே மிதி."

கார் வந்தது. கை உயர்ந்தது. கார் மூக்கைத் தாழ்த்தி, நடுங்கி, நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து சாலையைப் பார்த்தார். தூசி கலைந்திருந்தது. கறுப்புக் கோடு ஒன்றும் இல்லை.

"விளக்கு?"

"எரியலீங்க," என்றான் தனகோட்டி உள்ளிருந்து.

சண்முகசுந்தரம் காரின் பக்கத்தில் முழங்காலிட்டு, கைக்குட்டையிலிருந்து ஆணியை எடுத்து, இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து ஒட்டவைத்தார். "மறுபடியும்."

இந்த முறை கார் வரும்போதே உள்ளே மஞ்சள் தெரிந்தது. கை உயர்ந்ததும் டயர்கள் அலறின. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. ரப்பர் கருகிய நாற்றம். சாலையில் இரண்டு நீளமான கறுப்புக் கோடுகள்.

முதலில் பேசியவர் ஜெயராமன்.

"நான் சொன்னது சரியாப் போச்சே சார்!" அவர் குரலில் நிம்மதி இருந்தது. "விளக்கு எரிஞ்சா கோடு விழும். அன்னைக்குக் கோடு விழுந்திருக்கு. அப்போ விளக்கு எரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? நான் என் கண்ணால பாத்தேன். போர்ட்டிகோவுல, கிளம்பறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஓடிட்டு இருக்கு, விளக்கு எரிஞ்சுட்டு இருக்கு. எடுக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையாட்டினார். மாணிக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கமலா காருக்குள்ளிருந்த தனகோட்டியைப் பார்த்தாள். அவனைக் காப்பாற்ற வந்து, அவன் கழுத்தில் நாங்களே கயிறு போட்டுவிட்டோமா?

"கிளம்பறதுக்கு முன்னாடியேவா?" என்றார் சண்முகசுந்தரம், வருத்தமாக. "வண்டி நகரவே இல்லையா?"

"நகரல சார்."

"இன்ஸ்பெக்டர், அந்த விளக்கு நிக்கற வண்டியில எரியறதில்லை. சாவி போட்டதும் எல்லா விளக்கோடயும் ஒரு தடவை எரிஞ்சு அணையும். அப்புறம் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வந்தாத்தான் எரியும். இப்பவே போய் உக்காந்து பாருங்க. ஆனா அவர் தப்பாப் பாத்திருக்கலாம்னு அதை விட்டுடறேன். இது ஒண்ணை மட்டும் விட முடியாது. அந்த விளக்கு எரியறதுக்குக் காரணம் இந்த ஆணி. எடுத்தா அணையுது, வச்சா எரியுது, நீங்களே பாத்தீங்க. மாணிக்கம்மா, இதை வண்டியில கட்டினது யாரு?"

"நான்தாங்க." மாணிக்கம்மாள் அழுதாள். "அவருக்குத் துணையா இருக்கட்டும்னு கட்டினேன். வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லல. நானே அவர மாட்டிவுட்டுட்டேனே!"

"என்னைக்குக் கட்டினீங்க?"

"வண்டி ஸ்டேஷன்லேர்ந்து வந்த அன்னைக்கு சாயங்காலம்."

"அதாவது சாமியம்மாள் இறந்து பதினாறாம் நாள்," என்றார் சண்முகசுந்தரம்.

ஜெயராமன் சிரித்தார். "அவன் சம்சாரம் வேற என்ன சொல்லும்?"

"அவங்க சொல்ல வேணாம்," என்றது ஒரு குரல். மரத்தடியிலிருந்த அந்த இளம் பெண் முன்னால் வந்தாள். "நான் சொல்றேன். நான் செல்லக்கிளி. சாமியம்மா பொண்ணு. அந்த ஆணியக் குடுத்ததே நான்தான்."

இன்ஸ்பெக்டர் விசிறுவதை நிறுத்தினார்.

"பதினாறாம் நாள் கருமாதிக்கு அய்யனார் கோயில்ல வச்சு ரெண்டு ஆணி வாங்கினேங்க. போன உசுரு அலையாம இருக்க வாசல்ல அடிப்பாங்க. ஒண்ணு எங்க வூட்டு நிலைப்படியில இருக்குது. அதே கயிறு, அதே ஏழு முடிச்சு. வந்து பாருங்க. இன்னொண்ண இந்த அக்காகிட்ட குடுத்தேன். அக்கா வூட்டுக்காரரு தூங்கறதே இல்லன்னு சொல்லி அழுதாங்க."

கமலாவுக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது. பதினாறாம் நாள் வரை அந்த ஆணி கோயிலிலேதான் இருந்தது. விபத்து அன்று காரில் அந்த விளக்கு எரியக் காரணமே கிடையாது. அப்படியானால் ஜெயராமன், இப்போது ஊரெல்லாம் பேசும் ஒரு விளக்கை எடுத்துப் பதினாறு நாள் பின்னால் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்.

"விளக்கு எரியாத அன்னைக்கு இந்தக் கார் கோடு போட்டிருக்காது," என்றார் ராயப்பன் தனக்குத்தானே. "அப்போ அந்தக் கோடு யாரோடது?"

கமலா அதற்குள் போலீஸ் வரைபடத்தை விரித்திருந்தாள். "சார், உங்க ஏட்டய்யா ரொம்ப நல்லவர். எல்லாத்தையும் அளந்து எழுதியிருக்கார். அன்னைக்கு இருந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நாலு அடி. டேப்பைக் குடுங்க." புதிதாக விழுந்த கோடுகளுக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்தாள். "இது அஞ்சு அடி. ஜெர்மன்காரன் கொஞ்சம் காலை அகட்டித்தான் நிக்கறான்."

பிறகு யாரும் கேட்காமலே நாடாவை எடுத்துக்கொண்டு ஜீப்பிடம் போய் இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே பிடித்தாள். இன்ஸ்பெக்டர் கூடவே வந்து குனிந்து எண்ணைப் படித்தார்.

நாலு அடி.

"நெய்வேலியில நாப்பது ஜீப் ஓடுது," என்றார் ஜெயராமன். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பொய் சொன்ன ஜீப் ஒண்ணுதான் இருக்கு," என்றார் ராயப்பன். அவர் தனகோட்டியின் பக்கம் திரும்பினார். "தம்பி, நாளைக்குக் குற்றப்பத்திரிகையில உன் பேர் இருக்காது. ஸ்டேஷனுக்கு வந்து வண்டிக் காகிதத்தை வாங்கிக்கோ."

தனகோட்டிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் செல்லக்கிளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்கம்மாவ அடிச்சவன்னு ஊரே சொல்லுது. எனக்குப் போயி ஏம்மா ஆணி குடுத்த?"

செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆஸ்பத்திரியில எங்கம்மா மொகத்த யாரோ துடைச்சுவுட்டு இருந்தாங்க. ரவிக்கையெல்லாம் தண்ணி. நர்ஸம்மாகிட்ட கேட்டேன். தூக்கியாந்த டிரைவரு வழியில நிறுத்தி வாயில தண்ணி வுட்டாரு, கொஞ்சம் உள்ள போச்சுன்னாங்க. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. புள்ள செய்ய வேண்டியத நீங்க செஞ்சீங்க. எங்கம்மா உங்க மேல எதுக்குண்ணே கோவப்படும்?"

தனகோட்டி முகத்தை மூடிக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருபத்தாறு நாளாக அவனுக்குள் இறுகிக் கிடந்தது ஒரு குழந்தையின் அழுகையாக வெளியே வந்தது. மாணிக்கம்மாள் ஓடிவந்து அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

சண்முகசுந்தரம் கண்களை மூடி உதடு அசைத்தார். ஒரு வாய்த் தண்ணீர், அதற்கு நன்றியாக ஓர் ஆணி. உலகத்தைத் தாங்குவதெல்லாம் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது என்று அவர் அடிக்கடி சொல்வார். கமலா அப்போதெல்லாம் கேலி செய்வாள். இன்று தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் ஜெயராமன் பேசினார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

"என்கிட்டயும்தான் கேட்டுச்சு," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தண்ணி." ஜீப்பின் பின்பக்கத்தை அவர் பார்க்காமலே கையால் காட்டினார். "கேன் நிறைய இருந்தது. இறங்கினேன். பக்கத்துல போய் நின்னேன். கண்ணத் திறந்து பாத்து, தண்ணி சாமின்னு கேட்டுச்சு. ரோட்டுல யாரும் இல்ல. யாரும் இல்லையேன்னு…" அவர் ஜீப்பின் சக்கரத்தைப் பிடித்தபடி சரிந்து மண்ணில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை கரிமண்ணில் புரண்டது. "அன்னையிலேர்ந்து குழாயத் திறக்க முடியல. வாய் கொப்பளிக்க முடியல. தண்ணிச் சத்தம் கேட்டாலே பக்கத்துல வந்து நிக்குது. அந்தக் கார்ல வருது, மரத்தடியில வருதுன்னு ஊரெல்லாம் பேசிட்டு இருந்தாங்க. என் வீட்டுல இருக்குன்னு நான் யார்கிட்ட சொல்வேன்?"

இன்ஸ்பெக்டர் அவரை நோக்கி ஓர் அடி வைத்தார். செல்லக்கிளி அவருக்கு முன்னால் போய்விட்டாள்.

அடித்துவிடுவாள் என்று கமலா நினைத்தாள். ஆனால் அவள் ஜெயராமனுக்கு எதிரே மண்ணில் குந்தினாள். நர்ஸுக்கோ, டாக்டருக்கோ, தனகோட்டிக்கோ தெரியாத ஒன்று அந்த மனிதனிடம் இருந்தது. அவள் அம்மாவின் குரலைக் கடைசியாகக் கேட்டவர் அவர்தான்.

"பேசுச்சா?" என்றாள். "எங்கம்மா தெளிவாப் பேசுச்சா? வேற என்னா சொல்லுச்சு?"

ஜெயராமன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதல் ஷிப்ட் சங்கு ஊதிட்டாங்களான்னு கேட்டுச்சு. லேட்டாப் போனா பேரை எடுத்துடுவாங்கன்னு சொல்லுச்சு. நான் பதில் சொல்லல."

செல்லக்கிளி எழுந்தாள். மரத்தடிக்குப் போய், வரைபடத்தில் புள்ளி போட்டிருந்த அந்த இடத்தில் நின்றாள். குனிந்து, கறுப்பு மண்ணை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள்.

"இன்னும் ஊதலம்மா," என்றாள். "மெதுவாப் போ."